எனக்குத் தெரியாமலே நான் சுயதொழிலாளி ஆனபோது

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடையில் பேச வராது. அதனால் அம்மாள் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

போன வருடம், 2006ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைப் பெரிய இஸ்திரி மெஷினுக்குள் விடுகிற வேலை. ஒருநாள் வேலை முடிகிற நேரம், "ஹோட்டல் ஒன்று கைவிட்டுப் போய்விட்டது, இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அழுதேன். ஆனாலும் இந்த நாட்டில் வேலை போனவர்களுக்குப் பணம் கொடுப்பார்கள் என்ற தைரியம் இருந்தது. ஜொப் சென்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். "நீங்கள் சுயதொழில் செய்தவர். உங்களுக்கு இந்தப் பெனிபிட் கிடையாது" என்றாள். கணவருக்கு வேலை இருப்பதால் வேறு உதவியும் இல்லையாம்.

சுயதொழிலா? எனக்குக் கடை இல்லை. வான் இல்லை. அந்த மெஷின்கூட முதலாளியுடையது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நீர் எப்ப முதலாளி ஆனனீர்? எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றார் என் கணவர். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

தொழிற்சாலைக்குப் போன் எடுத்தேன். "சுயதொழில் என்று சேரும்போதே சொன்னோமே" என்றார்கள். சொன்னதுதான். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் விட்டுவிடு என்றார். இன்னொருவர் வழக்குப் போடு என்றார். எங்களோடு இருக்கிற என் தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டே, நான் யார், வேலையாளா முதலாளியா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோயிலில் வந்து நின்றால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. பணத்தைக் கேட்பதா? அது எனக்கு உரியதுதானா? கடைசியில் வாய்விட்டே சொன்னேன். "அம்மாளாச்சி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உண்மை எதுவோ, அதை என்ரை வாயிலை வை."

அடுத்த கிழமை, நூலகத்தில் இலவச ஆலோசனை தருகிற ஒரு வெள்ளைக்கார ஐயாவிடம் போனேன். மெதுவாகப் பேசுகிற மனிதர். எவ்வளவோ கேட்டார். எனக்குப் பாதி விளங்கவில்லை. பிறகு கேட்டார்: "உங்களால் போக முடியாத நாளில், உங்களுக்குப் பதிலாக வேறு ஒருவரை அனுப்பலாமா?"

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது என் தங்கையை அனுப்பினேன். மேற்பார்வை பார்க்கிற செல்வி அக்கா அவளை வாசலிலேயே நிறுத்தி, "நீதான் வரவேணும், வேறை ஆக்கள் வரேலாது" என்று எனக்குப் போனில் ஏசினார். திரும்பி வந்த தங்கையிடம் பிள்ளையை விட்டுவிட்டு நான் ஓடினேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "சுயதொழில் என்றால் ஆளை மாற்றி அனுப்பலாம். உங்களை அப்படிச் செய்ய விடவில்லையே, அப்படியானால் நீங்கள் வேலையாள்தான். அதை முடிவு செய்வது வரி அலுவலகம். அந்தப் பெண் அங்கே வந்து இதைச் சொல்வாரா?"

செல்வி அக்காவுக்கு அப்போதும் அங்கேதான் வேலை. எப்படிக் கேட்பது? பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் டூட்டிங்கில் மரக்கறிக் கடையில் எதிரே வந்துவிட்டார். சொன்னேன்.

"உனக்காக வந்து சொன்னா எனக்கு வேலை போகும், தெரியுமே?"

"தெரியும் அக்கா. அதாலைதான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

கூடையைப் பார்த்தபடி நின்றார். "ஓம், உன்ரை தங்கச்சியைத் திருப்பினது நான்தான். முதலாளி சொல்லித்தான் செய்தனான். வாறன்."

வரி அலுவலகத்தில் அப்படியே சொன்னார். அதிகாரி எழுதிவிட்டு, "உங்கள் சம்பளத்தில் வரி பிடித்துத் தருகிறார்களா?" என்று அவரைக் கேட்டார். இல்லை, நானேதான் கட்டுகிறேன் என்றார் அக்கா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நானும் பேப்பரிலை சுயதொழில்தானோ?" இத்தனை வருடம் எங்களை வேலை வாங்கியவருக்கும் தெரியவில்லை, தான் யாரென்று.

பங்குனி மாதம் வரி அலுவலகத்தின் முடிவு வந்தது. நான் வேலையாள்தான். பெனிபிட் பணமும் வந்தது. அம்மாளே என்று அந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

ஆனால் அதற்குள் செல்வி அக்காவுக்கு ஷிப்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தந்ததை அம்மாள் அவரிடமிருந்து எடுத்தாளா? நான் குழம்பிப்போய் அவர் வீட்டுக்குப் போனேன். "நீ ஏன் அழுறாய்? நானும் வரி அலுவலகத்துக்கு எழுதிக் குடுத்திட்டன். நான் ஆரெண்டு எனக்கும் தெரியவேணும்" என்றார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். சேர்ந்த அன்றே, என்னை என்னவென்று பதிகிறீர்கள் என்று கேட்டேன். முன்பு கேட்டிருக்க மாட்டேன். சட்டம் எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. அம்மாள் எனக்கு விளக்கம் தரவில்லை. கேட்ட நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வாய் தந்தாள், கூட நிற்க ஒரு ஆளைத் தந்தாள். உங்களுக்கும் வழி தெரியாமல் போனால், தெரியவில்லை என்றே அவள் முன்னால் வந்து சொல்லுங்கள்.

செல்வி அக்காவுக்கு முடிவு இன்னும் வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமை அவருக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள்.