செல்வத்தின் பெயருக்கு நான் சொன்ன பதில்

அபாய மணி அடித்தபோது நான் மடிக்கும் அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு வாராந்திர அபாயப் பயிற்சி, அதாவது டிரில், இருந்தது. சீக்கிரமே அடித்துவிட்டார்கள் என்று நினைத்து மேல் தளத்துக்கு ஏறினோம்.

சுற்றுலாக் கப்பலின் லாண்டரியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம். ஒப்பந்தம் முடியும்வரை ஞாயிறு விடுமுறையும் கிடையாது. ஆனால் கப்பல் கரையில் நிற்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். மலேசியாவில், சித்தியவான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த நான் பார்சிலோனாவிலும் இஸ்தான்புல்லிலும் நடந்தது அப்படித்தான். கூட வருபவன் செல்வம், பாரிட் புந்தார்க்காரன், என் கேபின் கூட்டாளி. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் மிளகாய் விற்கும் கடையைத் தேடுவான்.

அன்று காலையில், "தல சுத்துது மச்சான், கொஞ்சம் படுத்துட்டு வாரேன்" என்று போனவன் மேலே வரவில்லை. கேபினில் தூங்குகிறான் என்று நினைத்தேன். பயிற்சிக்கு வராவிட்டால் வார்னிங் லெட்டர் கொடுப்பார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் ஆரோக்கியம் அண்ணன் பெயர்களை வாசித்தார். செல்வத்தின் பெயர் வந்ததும், "இருக்கான்ணே" என்றேன். எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, தாமதமாக வருபவருக்காக அப்பா அப்படித்தான் குரல் கொடுப்பார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"செல்வத்துக்கு வாய் இல்லையா? அவன சொல்லச் சொல்லுலா."

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மணியம், இது டிரில் இல்ல. கீழ டிரையர் பொகையுது. அவன் எங்க?"

"கேபின்ல இருப்பான்ணே" என்றேன்.

அவர் உடனே ரேடியோவில் சொன்னார். கேபினில் அவன் இல்லை. டிரையர்களுக்குப் பின்னால் இருந்த துணி ஸ்டோரில், மூட்டைகளின் மேல் மயங்கிக் கிடந்தவனைத் தீயணைப்புக் குழு தூக்கி வந்தது. முகமெல்லாம் கரி. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நானும் எஸ்டேட்டுக்காரன்தான்லா. பெரட்டுல நீ பேர் சொன்னா அவனுக்கு அன்னிக்கு வேல கெடைக்கும். இங்க நீ பேர் சொன்னா அவனத் தேட மாட்டாங்க."

லெட்டர் எனக்கு வந்தது. நியாயம்தான். ஊர் திரும்பி சிம்பாங் பூலாயில் நான் வாங்கிய வீடும், பார்த்த ஊர்களும் அந்தக் கப்பல் கொடுத்தவை. ஆனால் ஆரோக்கியம் அண்ணன் அன்று என் வார்த்தையை நம்பாததற்குத்தான் அதிகம் நன்றி சொல்கிறேன். செல்வம் இப்போதும் போன் செய்வான்.

அடுத்த வாரம் என் மகள் பிரியா கப்பல் வேலைக்குப் போகிறாள். நேற்று அவள் பெட்டியில் மிளகாய்ச் சம்பல் பாட்டிலை வைத்துக்கொண்டே மறுபடி சொன்னேன்.

"ஒன் பேருக்கு மட்டும் பதில் சொல்லு."

"பத்து வாட்டி சொல்லிட்டீங்கப்பா. கூட்டாளி நெஜமாவே தூங்கிக்கிட்டு இருந்தா? லெட்டர் வாங்குவாளே, பாவம்."

"வாங்கட்டும்மா. அவளப் போய்த் தேடட்டும்."