வில்லை பெட்டியில் இருந்தது

இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாகக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், மணி என்றொரு நாய் வளர்த்தோம். அக்கம்பக்கத்தில் ஒருவர் வெறிநாய் கடித்து இறந்துபோக, லைசென்ஸ் வில்லை இல்லாத நாய்களைச் சுடப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். மறுநாளே மணிக்கு லைசென்ஸ் எடுத்தேன். எண் பொறித்த பித்தளை வில்லை கொடுத்தார்கள்.

"கழுத்துல கட்டி விடுங்களேன்" என்றாள் மனைவி.

இலங்கையில் ஒரே ஒரு காகிதம் தொலைந்ததால் என் அண்ணன் குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. அதிலிருந்து, அரசாங்கம் கொடுத்த எதையும் நான் வெளியே விடுவதில்லை.

"புதருக்குள்ள ஓடுற நாய். தொலைச்சிட்டு வந்தா யாரு பதில் சொல்றது?" என்று பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது வெடிச் சத்தம் கேட்டது. லயத்து வீட்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, வில்லையை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரம் மணி கிடந்தது. சுட்டவர் வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கழுத்துல இருக்கோணுமுங்க. பெட்டிக்குள்ள இருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

வில்லையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, பழையபடி பெட்டியில் வைத்தேன்.

இப்போது வளர்க்கும் நாய்க்கு வில்லையைக் கழுத்துப் பட்டையில் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறேன். தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மணியின் வில்லை இன்னும் பாஸ்போர்ட்டோடுதான் இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.