எஸ்டிமேட்டிலிருந்து எடுத்த இரண்டு கம்பி

பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்ட எஸ்டிமேட் போடுவது என் தொழில். ராமநாதபுரத்தைச் சுற்றி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காபி வரும், அப்புறம் "கொறைங்க" என்பார்கள். ஒருமுறையாவது பாத்ரூமை இடித்து அவஸ்தைப்பட்ட அன்பர்களே, எங்களை நீங்கள் திட்டியதில் பாதி நியாயம்தான். எந்தப் பாதி என்று நானே சொல்லிவிடுகிறேன்.

டேப்பும் டம்ளரும்

உச்சிப்புளியில் ஒரு டீச்சர் வீடு. பளபளக்கிற குழாய், ஷவர் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சுவரை அளக்கிற மும்முரத்தில் மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீரைப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொண்டன, குழாயில் பச்சை பூத்துவிட்டது.

டீச்சர் சத்தம் போடவில்லை. அந்தத் தண்ணீரையே ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார். "அம்புட்டுச் செவத்தையும் டேப்ப வச்சு அளந்தீகளே தம்பி, இத ஒரு வாய் குடிச்சுப் பாத்திருக்கலாம்ல."

பேனாக் கோடு

அபிராமம் பக்கம் மிளகாய் போடுகிற சேதுராசு என்னைக் கூப்பிட்டது அவரைப் பெற்ற அய்யாவுக்காக. பெரியவருக்கு முழங்கால் மடங்காது. பழைய கக்கூஸில் குத்தவைக்க முடியாமல் தினமும் பாடுபட்டார். வெஸ்டர்ன், சொரசொரப்பான டைல், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் இரண்டு கம்பி என்று எழுதிக் கொடுத்தேன்.

வேறொரு மேஸ்திரி குறைவாகச் சொல்லியிருந்தார். வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். டைலைக் குறைத்தால் சேதுராசுக்கு முகம் வாடிவிடும். அதனால் கம்பிகளின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பெரியவர் எதிரே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேதுராசுக்குத் திருப்தி. "கம்பி எதுக்குங்க? அய்யாவக் கையப் பிடிச்சுத் தூக்கிவிட நாங்க இத்தன பேரு இருக்கோம்ல."

மறுபடி போன நாள்

நாலு மாதம் கழித்து சேதுராசு போன் செய்தார். அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போனால், பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். எல்லோரும் மிளகாய்க் காட்டுக்குப் போன நேரம் வீட்டில் மருமகள் மட்டும்தான். கக்கூஸிலிருந்து தூக்கிவிட மருமகளைக் கூப்பிட எந்த மாமனாருக்கு மனசு வரும்? கைக்கு எட்டிய வாஷ்பேசினைப் பிடித்து எழுந்திருக்கிறார். அது சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது.

கம்பி இரண்டையும் சுவரில் மாட்டினேன். முடித்துவிட்டுப் பெரியவர் பக்கத்தில் போய், "அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் அய்யா, தப்பு என்னோடது" என்றேன். கோபித்திருந்தால் தேவலை. வாசலில் நின்ற மகனைக் கண்ணால் காட்டினார். "நல்லா இறுக்கி மாட்டிட்டியாப்பா? எனக்கு இனி அங்கன போற வேல இல்ல. இவனுக்கும் எம் முழங்காலுதான்."

இப்போதெல்லாம் கம்பியை முதல் வரியிலேயே எழுதி எதிரே 'இலவசம்' என்று போட்டுவிடுகிறேன். இலவசத்தை யாரும் குறைக்கச் சொல்வதில்லை என்று நான் கற்றுக்கொள்ள ஓர் இடுப்பெலும்பு தேவைப்பட்டது, அதுவும் என்னுடையது இல்லை.