மூப்பர் ஞானமுத்து எழுதச் சொன்ன பக்கம்

விஜயநகர் வீட்டில் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. கொள்ளேகால் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஆலயப் பணியாளர் பேசினார். "மூப்பர் போயிட்டாருங்க." ஞானமுத்து ஐயா. வருத்தத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அடக்கத்துக்கு அவர் தங்கை சாராளக்கா வருவார், அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

எங்கள் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அந்நாளில் திருவிருந்துக்கு முந்தின வாரம், சபையை நடத்தும் மூப்பர்கள் வீடு வீடாகப் போய்த் தகர வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாதவருக்கு அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. ஐயா உள்ளே வந்ததும் கேட்பது, "யாருகூடயாச்சும் பேச்சில்லாம இருக்கறீங்களா?" என்பதுதான். என் அப்பாவும் சித்தப்பாவும் வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்டிருந்த வருடம், இருவரையும் ஒரே கட்டிலில் உட்காரவைத்து, காபி வரும்வரை வாயே திறக்காமல் இருந்தார். சித்தப்பாதான் முதலில் சிரித்தார். இருவருக்கும் வில்லை கிடைத்தது.

அப்படிப்பட்டவர் ஒரு தடவை தன் தங்கைக்கு வில்லை கொடுக்காமல் வாசலைத் தாண்டிப் போனார். சாராளக்காவை மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் பார்த்த யாரோ, மலைச்சாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். நேர்ந்துகொண்டவள் பக்கத்து வீட்டுக்காரி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று அக்கா துணைக்குப் போயிருந்தார். இது தெரியவந்தபோது அக்கா நம் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். "வேத்து ஆளா இருந்தா வெசாரிச்சிருப்பேன். சொந்தத் தங்கச்சிக்குச் சலுகை காட்டறான்னு சொல்லிடுவாங்கன்னு வெசாரிக்காம உட்டுட்டேன்" என்று ஐயா என்னிடம் சொன்னார்.

விழா மலருக்காக ஆலய வரலாற்றை நான் எழுத ஆரம்பித்தபோது அவர் கேட்டது இது ஒன்றைத்தான். "கட்டடத்தப் பத்தி என்ன வேணா எழுதிக்க. இத உட்டுடாத. எம் பேரப் போட்டே எழுது." சரி என்றேன். எழுதவில்லை. விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்று நானே பெரிய மனுஷனாகத் தீர்மானித்துக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

போன மாதம் புத்தகம் வந்தபோது அவருக்குப் பார்வை போயிருந்தது. அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். ஆலய மணி வந்த கதை அச்சாகியிருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத வரிகளை வாசித்தேன். தடங்கலில்லாமல் வந்தது. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஊருக்குத் தெரியும்" என்றார்.

அடக்கம் முடிந்ததும் சாராளக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அது எந்தப் பக்கம்? அண்ணன் சொல்லிட்டே இருந்தான்."

"எழுதலீங்கக்கா" என்றேன். வாசித்துக் காட்டியதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்கிட்ட அவன் எப்பவோ மன்னிப்புக் கேட்டுட்டான். ஊருக்குச் சொல்லோணும்னுதான் உங்கிட்டச் சொன்னான்" என்றார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஐயாவிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது அவர் நம்பிக் கொடுத்த இந்த வேலைதான். சபையாரே, சாராளக்கா எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. மூப்பர் ஞானமுத்து விசாரிக்காமல் அவருக்கு வில்லையை மறுத்தார். அது தவறு என்று அவரே சொன்னார். அவர் உயிரோடிருக்கும்போதே நீங்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.