கீழ்வீட்டில் நின்ற சைக்கிள்

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜேர்மனியின் ஹம் நகரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் சோதனை. பொலிஸ்காரர் வந்து தெருவில் ஓட்டவைத்துப் பார்ப்பார். சைக்கிளை நாங்களே கொண்டுபோக வேண்டும். என்னுடையதோ கீழ்வீட்டுக்குள் நின்றது.

கீழ்வீட்டில் உக்ரைனிலிருந்து வந்த வயதான யூதத் தம்பதி இருந்தார்கள். கட்டடத்துப் பிள்ளைகளின் சைக்கிள்களை அந்தக் கிழவர் சும்மா திருத்திக் கொடுப்பார். என் பிரேக்கையும் திருத்திவிட்டு, நாளைக்கு வந்து எடு என்றார். அன்றிரவே நெஞ்சுவலியில் செத்துப்போனார். செத்தவர் மேலும் எனக்குக் கோபந்தான். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

அடக்கம் முடிந்ததும் போனேன். கதவு திறந்தே கிடந்தது. நடையிலிருந்த கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவருடைய மனைவி செருப்பில்லாமல் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே என் சைக்கிள். ஹாண்டிலைப் பிடித்துவிட்டேன்.

"விடு. துக்கம் காக்கும் இந்த ஏழு நாளும் இந்த வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகாது. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான்" என்றார் ஜேர்மன் மொழியில்.

இது என்னுடையது என்றேன். தெரியும் என்றார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

மேலே ஓடினேன். வேலையால் வந்த அப்பா கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் போட்டார். "எங்கட சைக்கிள்தானே. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

அம்மா கதவை மறித்து நின்றார். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"சாமான்தானே எண்டுதான் ஊரிலயும் தூக்கினவை. என்ர அப்பா செத்து எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிய முதலே, எரியிற வீட்டில பிடுங்கினது லாபம் எண்டு சொந்தக்காரர் வீட்டைத் துடைச்சுப்போட்டினம். போக ஏலாமல் நான் இஞ்ச ஃபோனைப் பிடிச்சு அழுதுகொண்டிருந்தன். அவற்ற மூக்குக்கண்ணாடியை எண்டாலும் எடுத்து வையுங்கோ எண்டு கேட்டனான். அதுவும் இல்லையாம். இந்த மனுசியின்ர வீட்டில நீங்கள் கை வைக்கக்கூடாது."

அப்பா சப்பாத்தைக் கழற்றினார். அதற்கு நான் என்ன செய்வது என்று கத்தினேன். நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமை வகுப்பே வரிசையாகத் தெருவில் ஓட, நான் ஆசிரியைக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும்போது கீழ்வீட்டுக் கதவு அன்றும் திறந்திருந்தது. அந்த மனுசி முக்காலியில் இருந்தார். பக்கத்தில் வெறுந்தரையில் அம்மா. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா தமிழில் ஏதோ சொல்ல, விளங்கினதுபோல் மற்றவர் தலையாட்டினார். என் சைக்கிளைக் கேட்டுத்தான் அம்மா அழுகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு அழுதும் தராத அந்த மனுசி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.