சூளை முன்னால சொன்ன ஆமென்

மூணு வருஷமா ஒரு வார்த்தைய தொண்ட கிழிய கத்திட்டு, அதுக்கு என்ன அர்த்தம்னே தெரியாம இருந்த ஆளு விருத்தாசலத்துலயே நான் ஒருத்தன்தான். 'ஆமென்'னா 'ஜெபம் முடிஞ்சுது, எல்லாரும் கெளம்பலாம்'னு நெனச்சிட்டிருந்தேன். சினிமா முடிஞ்சதும் திரையில 'வணக்கம்'னு போடுவாங்களே, அது மாதிரி.

எழுபதுகளோட ஆரம்பம் அது. கப்பு சாசர் செய்யிற ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில எனக்கு வேல. சூளை பத்த வைக்கிற அன்னைக்கு முதலாளி கற்பூரம் காட்டி தேங்கா ஒடைப்பாரு. அவரு அந்தாண்ட போனதும் சூளை மேஸ்திரி தலைத்துண்ட அவுத்துட்டு கண்ண மூடி ஜெபம் பண்ணுவாரு. அவரு வேதக்காரரு, நாங்க பாதிப் பேரு விபூதிக்காரங்க. ஆனா உள்ள போன கப்பு வெடிக்காம வெளிய வரணும்னா, யாரு சாமிய கூப்ட்டாலும் நாங்களும் சேந்து கூப்புடுவோம். கடைசியில எல்லாரும் ஆமென். அதுல என் கொரலுதான் ஒசத்தி. மேஸ்திரி கொரலு எறங்குச்சுன்னா ஆமென்னு அடிச்சு வுட்டுடுவேன். ஜெபம் முடிஞ்சாத்தான டீ வரும்!

ஒரு சனிக்கெழம காலையில சூளை பத்த வைக்கிறோம். மறுநாள் எனக்கு ஸ்ரீமுஷ்ணத்துல பொண்ணு பாக்குற வேல. அதுக்கு முன்னாடியே ரெண்டு எடத்துல 'பையன் வெளயாட்டுப் புள்ளையா இருக்கான்'னு வேணாம்னுட்டாங்க. "இதுவும் போச்சுன்னா நீ ஊறுகா ஜாடியத்தான் கட்டிக்கணும்"னு எங்கம்மா சொல்லிடுச்சு. அதனால ஜெபத்துல நின்னாலும் எம்மனசு முழுக்க, கட்டம் போட்ட சட்டையா கோடு போட்ட சட்டையான்னுதான் ஓடிட்டிருந்துது.

மேஸ்திரி கொரலு எறங்குச்சு.

"ஆமென்!"

எங்கொரலு மட்டும் தனியா கேட்டுச்சு. கண்ணத் தொறந்தா எல்லாரும் என்னையே பாத்துச் சிரிக்கிறாங்க. மேஸ்திரி வந்து என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டாரு. கண்ணுல தண்ணி அவருக்கு.

கப்புக்கு காது ஒட்டுற அக்காதான் வெளக்குச்சு, அதுவும் வேதக்காரங்கதான். "நாளைக்கு அக்கா மவ நிச்சயத்துக்கு வேப்பூர் போவணும், சூளையப் பாத்துக்க ஒரு சகோதரன எழுப்பித் தாரும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணாரு. நாங்கல்லாம் வாயப் பொத்திட்டு நின்னோம். நீ எழும்பிட்ட!"

"ஐயோக்கா, ஜெபம் முடிஞ்சுதுன்னு சொன்னேங்க்கா!"

"அட மண்டு, அது எபிரேய வார்த்த. உறுதியா நிக்கிறது, சாஞ்சா தாங்குறதுன்னு அர்த்தம். ஒருத்தர் ஜெபத்துக்கு நீ ஆமென் சொன்னா, 'அப்படியே ஆகட்டும், நானும் இதுல இருக்கேன்'னு கைநாட்டு வச்ச மாதிரி. மோசே காலத்துல சாபத்த ஒண்ணொண்ணா படிக்கப் படிக்க ஜனங்க ஆமென் சொல்லணும்."

"சாபத்துக்குமா?"

"நீ இருந்திருந்தா அத்தனையும் உந்தலையில வாங்கிட்டு வந்திருப்ப. இயேசு பேச ஆரம்பிக்கும்போதே அதத்தான் சொல்லுவாரு. நம்ம பைபிள்ல 'மெய்யாகவே மெய்யாகவே'ன்னு இருக்கும். டீக்காக சொன்னவன் நீ ஒருத்தன்தான்டா."

மேஸ்திரிகிட்ட ஓடுனேன். "அண்ணே, தெரியாம சொல்லிட்டேண்ணே."

"ஆண்டவர்கிட்ட சொன்னத நான் எப்புடிப்பா கேன்சல் பண்றது?"ன்னாரு அவரு.

ஞாயித்துக்கெழம எங்கம்மா மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு, மாப்பிள்ள இல்லாமலே பஸ்ஸு ஏறுச்சு. நான் தலையில ஈரத்துண்டு, மூஞ்சி பூரா கரி, சூளைக்கு நிலக்கரி தள்ளிட்டிருந்தேன். மத்தியானம் கூட இருந்தவன் சாப்புடப் போயிட்டான். தனியா நிக்கும்போது என்ன தோணுச்சோ, மேஸ்திரி மாதிரியே கண்ண மூடிக்கிட்டு சத்தமா ஆரம்பிச்சேன். "சாமி, யாரு கேட்டுட்டிருந்தாலும் சரி. கப்பெல்லாம் நல்லா வேவணும். ஸ்ரீமுஷ்ணத்துப் பொண்ணு எனக்கே கெடைக்கணும்."

முதுகுக்குப் பின்னால ஒரு கொரலு. "அப்படியே ஆகட்டும்."

தூக்கி வாரிப் போட்டுச்சு. வெள்ள வேட்டியில ஒரு பெரியவரு.

"யோவ் பெரிசு, அனல் அடிக்குது, தள்ளி நில்லுங்க! யாருங்க நீங்க?"

"நான்தான் தம்பி, பொண்ணோட அப்பா."

கையில இருந்த கரிச்சட்டி கீழ வுழுந்துது. அவரு சிரிக்கல. "சூளையப் பாத்துக்குறேன்னு சொல்லிட்டான், வுட்டுட்டு வர முடியாதுன்னு உங்கம்மா சொன்னாங்க. நெசமான்னு பாக்க அடுத்த பஸ்ஸு புடிச்சேன்"னாரு. காது கோணலா ஒட்டுன கழிவுக் கப்புல டீ குடுத்தேன். குடிச்சிட்டு சூளைய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "உங்கள வெளயாட்டுப் புள்ளன்னு சொன்னவன் யாரு?"ன்னு கேட்டாரு. சட்ட கட்டமா கோடான்னு அவரு கேக்கவே இல்ல.

அடுத்த தையில கல்யாணம். காது ஒட்டுற அக்கா பந்தியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்துது. "இவன் மாமனாரு சொன்னதும் ஆமென்தான், தமிழுல சொல்லிட்டாரு, அவ்ளோதான்."

நானும் பூரிச்சுப் போயி, என்னோட வேண்டுதலுக்கு எம்மாமனாரே கைநாட்டு வச்ச கதைய எம்பொண்டாட்டிகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். அவ அரிசியில கல்லு பொறுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா.

"எங்கப்பாவுக்கு வலது காது கேக்காது. உங்களாட்டமே, எதுக்குன்னு தெரியாமலே சொல்லியிருப்பாரு"ன்னா.