பூஜையில் வைத்த தீவு நோட்டு

பிரான்சின் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் பழைய பண நோட்டு ஒன்றை ஐந்து வருடம் தேடி வாங்கியிருந்தேன். கரமனையில் எங்கள் வீட்டில் அஷ்டமியன்றே சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்கள் அடுக்கியபோது, அழகு தெரியட்டுமென்று அதை உறையிலிருந்து உருவி மேலே வைத்தேன். குளித்துவிட்டு வந்தால், நோட்டிலிருந்த பெண்ணின் நெற்றியில் ஈரச் சந்தனம், குங்குமம்!

"என்னடி இது?"

"பொம்மனாட்டி நெத்தி வெறுமனே இருந்தா நன்னாருக்குமோ?" என்றாள் மனைவி.

துடைக்கக் கை நீட்டினேன்.

"பூஜை வெச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் தொடப்படாது, கேட்டேளா?"

குங்குமத்தின் சிவப்பு, தாளுக்குள் மெல்ல மெல்ல இறங்குவதை, உட்கார்ந்தும் எழுந்தும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். விஜயதசமி காலையில் துடைத்தபோது நெற்றியே உரிந்து வந்தது.

இப்போதெல்லாம் பூஜைக்கு நோட்டின் ஜெராக்ஸைத்தான் வைக்கிறேன். அதற்கும் பொட்டு இடுகிறாள். இடட்டும்.